எக்செல்லில் ஒரு டிராஃபிக் ஜாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எக்செல்லை வரவு செலவுக் கணக்குக்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். ஊரின் போக்குவரத்து நெரிசலையும் அதில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிஜ நிலவரத்தை இப்படி எண்களாக மாற்றி ஆராய்வதற்குக் கணித மாதிரி என்று பெயர். மென்பொருள் துறையில் இருக்கும் நான் எங்கள் ஊர்ப் பக்கத்து உதாரணத்தையே தருகிறேன்.

காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் வீடு, திருப்பூரில் வேலை என்று இருப்பவர்கள் ஏராளம். பல பனியன் கம்பெனிகளில் காலை 8.30க்கு வேலை ஆரம்பம். காங்கேயம் ரோட்டில் வரும் கம்பெனி வேன்களும் டூவீலர்களும் அவிநாசி ரோடு, பி.என். ரோடு பக்கம் போக நொய்யலையும் ரயில் பாதையையும் தாண்ட வேண்டும். புனலில் எண்ணெய் ஊற்றுவது போலத்தான். வாய் அகலம், குழாய் குறுகல்.

ஒரு பாலத்தில் 10 நிமிடத்துக்கு 100 வண்டிகள் போக முடியும் என்று வைத்துக்கொள்வோம். எக்செல்லைத் திறந்து, மூன்று பத்திகளில் கீழ்க்கண்டவாறு டைப் செய்யுங்கள். எண்கள் கற்பனையே. ஒவ்வொரு வரியும் அந்த நேரத்தில் முடியும் 10 நிமிடத்தைக் குறிக்கும்.

நேரம் – வந்தவை – வரிசை
8:00 – 80 – 0
8:10 – 120 – 20
8:20 – 160 – 80
8:30 – 140 – 120
8:40 – 80 – 100
8:50 – 60 – 60
9:00 – 40 – 0

வரிசைப் பத்தியில் முதல் 0 மட்டும் நீங்கள் டைப் செய்ய வேண்டும். அடுத்த செல்லில் சமக்குறி இட்டு, மேக்ஸ் என்ற ஃபங்ஷனை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அடைப்புக்குறிக்குள் 0, ஒரு கமா, பிறகு "முந்தைய வரிசை + வந்தவை – 100" என்று கொடுங்கள். செல்லை மவுசால் கிளிக் செய்தாலே அதன் முகவரி தானாக வந்துவிடும். என்டர் தட்டியபின், அந்தச் செல்லின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற விடைகள் நிரம்பிவிடும்.

இப்போது கவனியுங்கள். 70 நிமிடத்தில் பாலம் 700 வண்டிகளைத் தாங்கும். வந்தவை 680தான். ஆனாலும் 8.30க்கு 120 வண்டிகள் இந்தப் பக்கமே நிற்கின்றன. கடைசி வண்டிக்கு 12 நிமிடம் தாமதம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அது கூலி இழப்பு.

வரிசைப் பத்தியைக் கூட்டினால் 380. இதுவே மொத்தக் காத்திருப்பின் அளவு. பாலத்தை அகலப்படுத்தினால்? ஃபார்முலாவில் 100ஐ 110 ஆக்கி, மறுபடி கீழே இழுங்கள். கூட்டுத்தொகை 230 ஆகும்.

மீண்டும் 100க்கே வாருங்கள். சில கம்பெனிகள் வேலை நேரத்தை 40 நிமிடம் தள்ளி வைப்பதாகக் கொள்வோம். 8:20ல் 160ஐ 120 ஆக்கி, 9:00ல் 40ஐ 80 ஆக்குங்கள். கூட்டுத்தொகை 220! நகர்ந்தவை 680ல் வெறும் 40 வண்டிகள். சிமெண்ட் செலவில்லாமல் பாலத்தை அகலப்படுத்திய பலன் கிடைக்கிறது.

இந்த வகைக் கணக்கை 1969ல் எழுதியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் விக்ரே. 1996ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். நெரிசல் நேரத்தில் சாலைக்குக் கட்டணம் வாங்கினால் கூட்டம் தானே பரவும் என்றார் அவர். சிங்கப்பூர் 1975லேயே அப்படி வசூலிக்கத் தொடங்கியது. இங்கே கட்டணமே வேண்டாம், கம்பெனிகள் பேசிவைத்து நேரத்தை மாற்றிக்கொண்டாலே போதும்.

உங்கள் ஊர்ப் பாலத்திலோ ரயில்வே கேட்டிலோ ஒரு நாள் காலை நின்று, 10 நிமிடத்துக்கு ஒருமுறை வண்டிகளை எண்ணிக் குறித்து வாருங்கள். கற்பனை எண்களை அழித்துவிட்டு அவற்றை இதே அட்டவணையில் போடுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் செய்யலாம். எத்தனை வண்டிகளை நகர்த்தினால் வரிசை பாதியாகும் என்று கண்டுபிடியுங்கள்.