சொலோன் காட்டுக்கு எந்த அங்கி?

கேள்வி: என் தகப்பனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சேவை செய்தவர். 1962-ல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர். என் மகன் இப்போது பிரான்சில் சொலோன் பிரதேசத்தில் குடியிருக்கிறான். வருகிற ஜனவரியில் நான் அங்கே போகும்போது, அவனுடைய மாமனார் காட்டுப்பன்றி வேட்டைக்கு என்னையும் அழைத்துப் போகப் பிரியப்படுகிறார். துப்பாக்கி எடுக்கமாட்டேன், கூட நின்று பார்ப்பதோடு சரி. மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றிக்கொள்கிற அறுபத்தெட்டு வயதுக்காரனுக்கு எப்படிப்பட்ட கோட்டு ஏற்றது? புதுச்சேரியிலேயே வாங்கிவிடலாமா?
— வாசகர், பாகூர் கொம்யூன்

பதில்: வில்லியனூரிலும் பாகூரிலும் தை மாத விடியற்காலையில்கூட வெப்பமானி 20 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை, சொலோனிலோ ஜனவரிக் காலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். ஏரிகளும் குட்டைகளும் நிறைந்த அந்தக் காட்டு நிலத்தில் குளிர் ஈரத்தோடு சேர்ந்தே வரும் என்பதையும், வேட்டையில் தங்களுக்கு வாய்க்கப்போகும் வேலை நடப்பதல்ல, குறித்த இடத்தில் மணிக்கணக்காக அசையாமல் நிற்பதே என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உஷ்ணத்தை உண்டாக்குவது சரீரம். அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் உலர்ந்த காற்றைக் காப்பாற்றித் தருவது மட்டுமே வஸ்திரத்தின் காரியம். தண்ணீரோ காற்றைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்திவிடும். ஆகையால், எவ்வளவு விலையுயர்ந்த கோட்டை மேலே போட்டாலும், உள்ளே நாம் வழக்கமாக அணியும் பருத்திப் பனியன் வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்குமானால், அந்தக் கோட்டினால் பிரயோஜனம் இல்லை. பனியனை வீட்டிலேயே விட்டுவிட்டு, தோலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடையும் அதன்மேல் தடித்த கம்பளி ஸ்வெட்டரும் அணியுங்கள். ஆட்டு ரோமம் தன் எடையில் முப்பது சதவிகிதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்ட பின்னும் நனைந்த உணர்ச்சியைத் தராது.

ஸ்வெட்டரைப் புதுச்சேரியில் வாங்கலாம், சோதித்து வாங்குவதானால். குளிர்காலக் கடைகளில் கம்பளி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அக்ரிலிக். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள்: மயிர் பொசுங்கும் வாடை எழுந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் மிஞ்சினால் அது ரோமம், உருகிச் சுருண்டு கெட்டியான கருமணியாக உறைந்தால் அது செயற்கை நூல்.

மேலங்கியை மட்டும் இங்கே வாங்க வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். இங்கே கிடைப்பவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் போவோருக்கான நைலான் ஜாக்கெட்டுகள். கையை உயர்த்தும்போதெல்லாம் அவை சரசரக்கும். காட்டுப்பன்றிக்குக் கண் மந்தம், ஆனால் செவியும் நாசியும் அபார கூர்மை. ஆகவே தங்கள் அங்கியின் சப்தம் தங்கள் சம்பந்தியின் ஒரு நாள் வேட்டையையே கெடுத்துவிடக்கூடும். அங்கே வேட்டைக்காரர்கள் பரம்பரையாக உடுத்தி வந்த லோடன் என்ற துணியைக் கேட்டு வாங்குங்கள். ஆல்ப்ஸ் மலையின் திரோல் நாட்டில் பிறந்த அத்துணி, நெய்த கம்பளியை நீரில் மிதித்துச் சுருங்கவைத்து, இழை தெரியாதபடி இறுக்கமாக்கப்பட்டது; காற்றை மறிக்கும், தூறலை வழியவிடும், முள்ளில் உரசினாலும் ஓசை எழுப்பாது. நாள் முழுதும் அடைமழை பெய்யுமானால் லோடனும் கனத்துவிடும்; அதற்கு மெல்லிய மழையங்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

அங்கி தொடையின் பாதிவரை நீண்டிருக்க வேண்டும். இரண்டு கம்பளி ஆடைகளின் மேலே போட்டுப் பார்த்து, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கும்போது அக்குளில் பிடிக்காததாக இருக்க வேண்டும். நடந்து போகும்போது அதைத் தோளில் சுமந்து சென்று, நிற்குமிடம் சேர்ந்து மூச்சு அடங்கிய பின்னரே அணியுங்கள். இந்த ஒரு நியமத்தைத் தவறவிட்டு, வழியெல்லாம் வேர்த்து, பிறகு நடுங்குவது புதிதாக வருவோர்க்கு வழக்கம். தலைக்குக் கம்பளிக் குல்லா போதும். முக்காடு உள்ள அங்கி காதை மூடிவிடும். அங்கே வேட்டையின் தொடக்கத்தையும் முடிவையும் கொம்பு ஊதித்தான் அறிவிப்பார்கள், அதைக் கேளாமல் நின்ற இடத்தைவிட்டு நகர்வது உயிருக்கே ஆபத்து.

ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் மேற்சட்டையும் தவறாமல் வேண்டும். பலர் கூடிப் பெருமிருகங்களைச் சுடும் வேட்டையில் அதை எந்நேரமும் அணிந்திருக்க வேண்டுமென்று பிரான்சில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. துப்பாக்கி ஏந்தாதவர் என்பதால் தாங்கள் அதைக் கழற்றி வைக்கலாகாது. மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அந்நிறம் பன்றிக்கு அப்படித் தெரிவதில்லை. வேட்டைக்கு அதனால் பங்கமில்லை. லோடனுக்கு மேலே போடக்கூடிய பெரிய அளவாக வாங்குங்கள்.

குளிருக்கு இதம் என்று யாரேனும் பிராந்தி நீட்டினால், வேட்டை முடிந்து வீடு சேரும்வரை வாங்காதீர்கள். அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உடம்பின் உள்ளுஷ்ணத்தை வெளியே கொட்டிவிடும். தங்கள் வயதில் அது சிறு விஷயமன்று. வெந்நீரோ சூடான சூப்போ பிளாஸ்கில் கொண்டுபோங்கள்.

ஊர் திரும்பும்போது அங்கியை மகன் வீட்டிலேயே விட்டு வாருங்கள். நம் கடலோர ஈரக்காற்றில், பெட்டிக்குள் அடைபட்ட கம்பளியைப் பூச்சி அரித்துவிடும்.