தூய்மைவாதிகள் கேட்டது என்ன?

தூய்மைவாதிகள் எனப்படும் பியூரிட்டானியரைப் பற்றிப் பேசினால், கூத்தையும் கொண்டாட்டத்தையும் வெறுத்த கடும் மனிதர்களே பலருக்கு நினைவில் வருவர். அப்படிப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரச திருச்சபையைத் திருத்த அவர்கள் எழுந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு.

1534இல் எட்டாம் ஹென்றி மன்னர் பாப்பரசரின் அதிகாரத்தை நீக்கித் தாமே அத்திருச்சபையின் தலைவரானார். அவரது மகள் முதலாம் எலிசபெத் அரசி 1559இல் அமைத்த ஒழுங்கிலும் ஆயர்கள், குருக்களின் வெண்ணிற மேலங்கி, திருமுழுக்கில் சிலுவை அடையாளம், திருமண மோதிரம் என்பன நிலைத்தன. விவிலியம் கட்டளையிடாதவை வழிபாட்டில் ஏன் என்று தூய்மைவாதிகள் கேட்டனர். கத்தோலிக்கரான நமக்கு அருமையானவற்றையே அவர்கள் களையச் சொன்னார்கள். இதில் நாம் உடன்பட முடியாது.

ஆயினும் அவர்களது மற்றொரு முறைப்பாட்டை நாம் பொறுமையாகக் கேட்க வேண்டும். விவசாயி தன் விளைச்சலில் பத்தில் ஒன்றைத் திருச்சபைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். 1536க்கும் 1540க்கும் இடையில் துறவு மடங்கள் கலைக்கப்பட்டன. அவற்றின் கையிலிருந்த தசமபாக உரிமைகள் அரசிடமும், பின்னர் பெரும்பாலும் நிலப்பிரபுக்களிடமும் போய்ச் சேர்ந்தன. அத்தகைய பங்குகளில் தானியம் பிரபுவின் களஞ்சியத்துக்கு. குருவுக்கோ சிறு தொகை. வயிற்றுப்பாட்டுக்காக ஒரே குரு இரண்டு பங்குகளை வைத்திருப்பார். (பேராசையால் வைத்திருந்தோரும் உண்டு.) மறையுரை ஆற்ற உரிமம் இல்லாதோர், அச்சிட்டுக் கொடுக்கப்பட்ட உரையை வாசித்துவிட்டுப் போயினர். பத்தில் ஒன்றைக் கொடுத்தவனுக்கு வேதத்தை விளக்கிச் சொல்ல ஆளில்லை.

இக்குறையைப் போக்கக் குருக்கள் பலர் சந்தை நகர்களில் கூடி, மக்கள் முன்னிலையில் விவிலியத்தை விளக்கிப் பயின்றனர். ஒரு மாவட்டத்துக்கு மூன்று நான்கு போதகர் போதும் என்பது அரசியின் எண்ணம். கூட்டங்களை நிறுத்துமாறு கன்ரபரிப் பேராயர் எட்மண்ட் கிரிண்டலுக்குக் கட்டளையிட்டார். 1576இல் பேராயர் மறுத்துக் கடிதம் எழுதினார்; மறு ஆண்டே பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்.

1603இல் புதிய மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் தூய்மைவாதிகள் மனுக் கொடுத்தனர். போதிக்கத் தகுதியுள்ள குரு வேண்டும், அவர் பங்கிலேயே வசிக்க வேண்டும், பிரபுக்கள் பெறும் தசமபாகத்தில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்காவது அவருக்குச் சேர வேண்டும் என்று கேட்டனர். 1604 ஜனவரியில் ஹம்ரன் கோட் மாளிகையில் மன்னர் அவர்களைச் சந்தித்தார். ஆயர் பதவி ஒழிந்தால் அரச பதவியும் ஒழியும் என்பதே அவரது நிலைப்பாடு. புதிய விவிலிய மொழிபெயர்ப்புக்கு இணங்கினார். அது 1611இல் வெளிவந்தது. தசமபாகமோ பிரபுக்களிடமே இருந்தது.