பிறர் நிலத்தில் பெசண்ட் வேட்டை: நிலக்காரரின் அனுமதி

நிலத்தின் உடைமை வேறு. அந்நிலத்தில் நடமாடும் காட்டுப் பறவைகளின் உடைமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் நிலக்காரருக்கும் வேட்டைக்காரருக்கும் வழக்குகள் நேருகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமவெளி மாகாணங்களில் பெசண்ட் கோழி வேட்டையைக் குறித்து ஏற்பட்டுள்ள ஒழுங்கு இவ்விஷயத்தை நன்கு விளக்கும். நம் நாட்டுச் சட்டம் அதனின்றும் முற்றிலும் மாறுபட்டது. அது முடிவில் கூறப்படும்.

பறவையும் அதன் இருப்பிடமும்

பெசண்ட் கோழி ஆசியாவிற்குரியது. மயில், காட்டுக்கோழி, கௌதாரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேவலுக்கு நீண்ட வாலும், கழுத்தில் வெண்மையான வளையமும் உண்டு. பேடு மங்கிய மண்ணிறமுடையது. ஷாங்காய் நகரில் அமெரிக்கத் தூதராயிருந்த ஓவன் டென்னி என்பவர் 1881, 1882-ஆம் ஆண்டுகளில் அனுப்பிய பறவைகளால் இவ்வினம் ஓரிகன் மாகாணத்தில் நிலைபெற்றது. பின்னர் தெற்கு டகோட்டா மாகாணத்திலும் இது கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகியது. அங்கே 1919-ல் ஸ்பிங்க் என்னும் ஜில்லாவில் ஒரே ஒரு நாள் வேட்டைக்கு இடங் கொடுக்கப்பட்டது. 1943-ல் இதுவே அம்மாகாணத்தின் பறவையாயிற்று.

இப்பறவை அடர்ந்த காட்டில் வாழ்வதன்று. மக்காச்சோளமும் கோதுமையும் அறுத்த வயல்களிற் சிந்திய தானியத்தைத் தின்று, ஓரங்களிலுள்ள புல்லிலும் புதரிலும் மறைந்து வாழும். ஆகவே வேட்டைக்காரன் நாடும் இடம் பெரும்பாலும் குடியானவருடைய நிலமாகவே இருக்கிறது.

சட்டத்தின் நிலை

அங்கே காட்டுப் பறவை பொதுச் சொத்து. எந்த மாதத்தில் வேட்டையாடலாம், நாளொன்றுக்கு எத்தனை சுடலாம் என்பவற்றை மாகாண அரசாங்கமே விதிக்கிறது. தெற்கு டகோட்டாவில் ஒருவர் நாளொன்றுக்கு 3 சேவல்களை மட்டும் சுடலாம். பேடுகளைச் சுடுதல் கூடாது. வேட்டைக்கான லைசென்சையும் அரசாங்கமே தருகிறது. ஆனால் அந்த லைசென்ஸ் பிறர் நிலத்திற் கால் வைக்கும் உரிமையைத் தராது. அவ்வுரிமையை நிலத்தை ஆள்பவர்தாம் தரவேண்டும்.

இதிலும் மாகாணத்திற்கு மாகாணம் வேறுபாடு உண்டு. தெற்கு டகோட்டாவிலும் கான்ஸாஸிலும் நிலத்தில் அறிவிப்புப் பலகை இல்லாவிடினும் அனுமதி பெற்றே நுழையவேண்டும். வடக்கு டகோட்டாவிலோ, தடை அறிவிப்பு இல்லாத நிலத்தில் வேட்டைக்காரர் நுழைவது நெடுநாள் வழக்கம். ஆகவே தடுக்க விரும்பும் நிலக்காரர் பலகை நாட்டவேண்டியிருந்தது. 2021 முதல் மின்னணுப் பதிவேட்டில் பதிந்தாலும் போதும். முன்னைய மாகாணங்களில் நிலக்காரரின் மௌனம் மறுப்பாகும். பின்னையதில் அது சம்மதமாகும். அயோவா மாகாணத்தில், முறைப்படி சுடப்பட்ட பறவை அடுத்த நிலத்தில் வீழ்ந்தால், துப்பாக்கியின்றிச் சென்று அதை எடுத்துவருவது குற்றமாகாது.

அனுமதி கேட்கும் முறை

வேட்டை தொடங்கும் நாளன்று விடியற்காலையில் கதவைத் தட்டுவது மரியாதையன்று. பருவத்திற்குச் சில வாரங்கள் முன்னதாகவே, வேலைக்கு இடையூறில்லாத நேரத்தில், துப்பாக்கியும் நாயுமின்றி நேரில் சென்று, தம் பெயரையும் ஊரையும் உடன் வருவோர் தொகையையும் சொல்லவேண்டும். நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் உடையவர், குத்தகைதாரர் இருவருடைய எண்ணத்தையும் அறிவது நலம். மறுக்கப்பட்டால் காரணம் கேளாமல் வந்தனம் கூறித் திரும்பவேண்டும். வேட்டை முடிந்தபின் சுத்தம் செய்த பறவை ஒன்றிரண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும், பின்னர் நன்றிக் கடிதம் எழுதுவதும் நல்லோர் வழக்கம்.

நிலக்காரர் கவனிக்கவேண்டியவை

1. அனுமதியை எழுத்தில் கொடுப்பது மேல். பெயர், தேதி, ஆட்களின் தொகை, மோட்டார் வண்டியின் எண், நுழையத் தக்க வயல்கள் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும்.

2. ஒருவருக்குக் கொடுத்த அனுமதி அவருடைய நண்பருக்குச் செல்லாது. ஒரு நாளைக்குக் கொடுத்தது மறுநாளைக்குச் செல்லாது என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

3. கால்நடை மேயும் இடம், அறுக்கப்படாத பயிர், குடியிருக்கும் வீடு ஆகியவற்றை நேரிற் காட்டவேண்டும். திறந்திருந்த வேலிக்கதவு திறந்தும், மூடியிருந்தது மூடியும் இருக்கவேண்டும். கதவொன்றைத் திறந்து விட்டுச்சென்றால் மந்தை முழுவதும் சாலைக்கு வந்துவிடும்.

4. காய்ந்த புல்லின்மேல் மோட்டார் வண்டியை நிறுத்தலாகாது. அதன் சூடான புகைக்குழாயினால் தீப்பற்றுவதுண்டு.

5. கட்டணம் வாங்குவோர் முன்னதாகச் சட்டம் அறிந்தவரைக் கலந்துகொள்ளவேண்டும். இனாமாக இடங்கொடுப்பவரை, வந்தவருக்கு நேரும் விபத்தின் பொறுப்பிலிருந்து பெரும்பாலான மாகாணங்களின் சட்டம் ஓரளவு காக்கிறது. கட்டணம் வாங்கியவருக்கு அப்பாதுகாப்புக் குறையக்கூடும்.

பறவை பெருகுவது நிலக்காரரின் கையில்

பேடு தரையிலேயே கூடு கட்டி, ஏறக்குறைய 23 நாள் அடைகாக்கும். அக்காலத்தில் வைக்கோற்புல்லை அறுத்தால் முட்டையும் பேடும் ஒருங்கே அழியும். ஆகவே புல்லறுப்பைச் சற்றுத் தாமதிப்பவரும், ஓரங்களிற் புல் விடுபவரும்தாம் பறவையைக் காப்பவராவர். 1985-ஆம் ஆண்டின் சட்டப்படி, அரிப்புக்குள்ளாகும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டுகள் வரை புல்லாக விடுவோருக்கு அரசாங்கம் வாடகை தருகிறது. மண்ணைக் காக்க ஏற்பட்ட அத்திட்டத்தினால் பெசண்ட் கோழிகளுக்கும் புகலிடம் கிடைத்தது. கான்ஸாஸ் மாகாணம் 1995 முதல் தனியார் நிலங்களை வாடகைக்கு எடுத்துப் பொதுமக்கள் வேட்டைக்குத் திறந்துவிடுகிறது. அங்கே தனித்தனியே அனுமதி கேட்கவேண்டுவதில்லை.

நம் நாட்டுச் சட்டம்

மேற்கூறியவற்றைப் படிக்கும் நிலக்காரர், தம் பட்டா நிலத்திலும் இவ்வாறு அனுமதி கொடுக்கலாமென்று எண்ணுதல் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அட்டவணைகளிற் சேர்ந்த விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவது குற்றம். சொந்த நிலமாயினும் குற்றமே. 1963 முதல் தேசியப் பறவையாயுள்ள மயில் முதல் அட்டவணையிற் சேர்ந்தது. துப்பாக்கியாற் சுடுவது மட்டுமின்றி, கண்ணி வைப்பதும், தானியத்தில் விஷங் கலந்து வைப்பதும், பறவைகளின் முட்டையையும் கூட்டையும் அழிப்பதும் சட்டத்தின் நோக்கில் வேட்டையே.

மயில் விதையைப் பொறுக்குவதாலும் பயிரைக் கொத்துவதாலும் குடியானவர் படும் நஷ்டம் உண்மையானது. எனினும் ஒரு பிடி விஷத் தானியம் மயிலைக் கொல்வதோடு நில்லாது. வீட்டுக் கோழியும் ஆடும் அதனால் மடியும். வைத்தவர் வழக்கிலும் அகப்படுவார். நஷ்டத்தைச் சர்வே எண்ணுடன் எழுதி வனச்சரக அலுவலகத்திற்குத் தெரிவித்து, நகலொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வதே தக்க வழி. நிலக்காரரின் சம்மதக் கடிதத்தைக் காட்டி எவரேனும் வேட்டைக்கு வந்தால், அக்கடிதம் செல்லாது என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் உடனே எடுத்துச்சொல்லி, வனத்துறைக்கும் அறிவிக்கவேண்டும். தமக்கில்லாத உரிமையை ஒருவர் பிறருக்குக் கொடுக்க இயலாதன்றோ?