எலி ஒழிப்பில் பருந்தும் கூகையும்

நெற்பயிர் தூர் கட்டிப் பொதிப் பருவத்தை அடையும் வேளையில், நடுவயலில் ஆங்காங்கே பயிர் சாய்ந்து திட்டுத் திட்டாகக் கிடப்பதை உழவர்கள் பலர் கண்டிருப்பீர்கள். கிட்டச் சென்று பார்த்தால், தண்டுகள் தரைக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். இது எலியின் வேலை. எலி தின்பதைவிட வெட்டி வீழ்த்துவதே அதிகம். வரப்போரப் பயிரை விட்டுவிட்டு உள்ளே சென்று வெட்டுவதால், சேதம் நம் கண்ணில் படுவதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

அதே வயலுக்கு எலியைத் தேடி நாள்தோறும் வரும் பறவைகளும் உண்டு. பகலில் பருந்தும் வல்லூறும் வருகின்றன; இரவில் கூகையும் ஆந்தையும் வருகின்றன. கோழிக்குஞ்சைத் தூக்கிவிடும் என்று பருந்தை விரட்டுகிறோம். அலறினால் சாவு வரும் என்று கூகையைக் கல்லால் அடிக்கிறோம். இவற்றுள் எது எதைத் தின்கிறது, இவை வயலில் தங்க நாம் என்ன செய்ய வேண்டும், எலிக்கு வைக்கும் நஞ்சு இவற்றை எவ்வாறு தாக்குகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பகலில் வரும் பறவைகள்

கரும்பருந்து: உடல் முழுவதும் கரும்பழுப்பு நிறம். வாலின் நுனி நடுவில் பிளவுபட்டிருக்கும். ஊரையும் சந்தையையும் இறைச்சிக் கடையையும் சுற்றி வாழும். கழிவும் செத்த பிராணிகளுமே இதன் முக்கிய உணவு. கள்ளப்பருந்து என்று பெயர் பெற்றதும், குஞ்சுகளைத் தூக்குவதும் பெரும்பாலும் இதுவே.

செம்பருந்து: தலையும் மார்பும் வெண்மை, மற்ற இடமெல்லாம் செங்கல் நிறம். நாம் கருடன் என்று கும்பிடுவது இதைத்தான். ஏரி, ஆறு, நெல்வயல் உள்ள இடங்களில் வாழ்ந்து மீன், தவளை, நண்டு ஆகியவற்றைப் பிடிக்கும். வரப்பில் வளை தோண்டி நீரை வடியவிடும் நண்டை இது குறைப்பது நமக்கு ஆதாயமே.

கருந்தோள் பருந்து: காகத்தைவிடச் சிறியது. மேலே சாம்பல் நிறம், அடியில் வெண்மை, தோளில் கரும்பட்டை, கண் சிவப்பு. மின்கம்பியிலோ மொட்டை மரத்தின் உச்சியிலோ தனியே அமர்ந்திருக்கும். பறக்கும்போது அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று தரையை உற்று நோக்கி, பின் கால்களை நீட்டியபடி இறங்கும். எலி, சுண்டெலி, வெட்டுக்கிளி ஆகியவையே இதன் இரை. இதனால் உழவருக்கு நன்மையேயன்றித் தீமை இல்லை.

வல்லூறு: புறா அளவே இருக்கும். மார்பில் குறுக்குக் கோடுகள் காணப்படும். தோப்புகளில் மறைந்திருந்து ஓணான், சுண்டெலி, அணில், சிறு பறவைகள் ஆகியவற்றைப் பிடிக்கும்.

ஆக, பருந்து என்று நாம் ஒரே பெயரால் அழைத்தாலும் அவை அனைத்தும் கோழிக்குப் பகையல்ல. குஞ்சுகளை முதல் நான்கைந்து வாரங்கள் பஞ்சாரத்தில் அடைத்தும், மர நிழலில் அல்லது பழைய மீன்வலையை மேலே கட்டிய இடத்தில் மேயவிட்டும் காப்பாற்றலாம். பஞ்சாரத்துக்கு ஆகும் செலவு சிறிது. எலி பிடிக்கும் பறவையை விரட்டிவிட்டு நாம் இழக்கும் நெல்லோ பெரிது.

இரவில் வரும் கூகை

கூகையைச் சில ஊர்களில் சாக்குருவி என்பர். இதய வடிவான வெள்ளை முகம், பொன்னிற முதுகு, நீண்ட கால்கள் ஆகியவற்றால் இதனை எளிதில் அடையாளம் காணலாம். மரப்பொந்து, பாழடைந்த கட்டடம், கோபுரத்து மாடம் இவற்றில் பகலைக் கழிக்கும். இதன் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் அமைந்துள்ளன. ஆகவே ஒலி வரும் திசையோடு அதன் உயரத்தையும் கணித்து, முழு இருட்டிலும் எலியைப் பிடிக்க வல்லது. இறகுகளின் ஓரம் மென்மையாக இருப்பதால், பறந்து வருவது எலியின் காதுக்கு எட்டுவதில்லை.

ஒரு பெண் கூகை பொதுவாக நான்கு முதல் ஏழு முட்டைகள் இடும். முட்டை பொரிக்கச் சுமார் ஒரு மாதம், குஞ்சு பறக்கச் சுமார் இரண்டு மாதம் ஆகும். அவ்விரண்டு மாதமும் தாயும் தந்தையும் இரவெல்லாம் எலி சுமந்து வந்து ஊட்டியாக வேண்டும். அதன் அலறல் இணையை அழைக்கும் ஒலியும் எச்சரிக்கும் ஒலியுமேயன்றி, சாவுக்கும் அதற்கும் தொடர்பு எதுவும் இல்லை.

கூகை என்ன தின்றது என்பதை நீங்களே சோதித்து அறியலாம். இது எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அமரும் இடத்தின் கீழே கட்டைவிரல் பருமனில் கருமையான உருண்டைகள் கிடக்கும். ஒன்றை எடுத்து நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். முன்னால் நீண்ட இரு பற்களும், அவற்றுக்குப் பின் பல்லில்லா இடைவெளியும் உள்ள மண்டையோடு எலியுடையது. இடைவெளியின்றிக் கூரிய பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. அலகு இருந்தால் பறவை. எத்தனை மண்டையோடுகள் உள்ளனவோ அத்தனை பிராணிகளை அது பிடித்துள்ளது என்று அறியலாம். சோதித்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவவும்.

குடில் அமைக்கும் முறை

நடவு முடிந்த பரந்த வயலில் பறவை அமர இடம் இல்லை. அமர்ந்து நோக்கி வேட்டையாடும் பறவைக்கு இடம் கொடுப்பதே குடிலின் நோக்கம்.

1. காய்ந்த தென்னை மட்டையின் ஓலையை நீக்கி, அகன்ற அடிப்பகுதி மேலே இருக்கும்படி தலைகீழாக நடலாம். அல்லது மூங்கில் கழியின் உச்சியில் ஒன்றரை அடி நீளக் குறுக்குக் கட்டையை உறுதியாகக் கட்டி நடலாம்.

2. குடிலின் உச்சி பயிருக்கு மேல் நான்கைந்து அடி உயரத்தில் இருக்க வேண்டும். அமரும் பறவையின் பாரத்தில் ஆடக்கூடாது.

3. ஏக்கருக்குப் பத்து குடில்கள் போதும். எலி வளை மிகுந்த வரப்போரத்திலும் நடுவயலிலும் பரவலாக நடவும்.

4. நடவு செய்த ஒரு வாரத்துக்குள் நட்டுவிட வேண்டும். எலி பெருகியபின் நடுவதால் பயன் குறைவு.

5. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் குடில்களை எடுத்துவிடவும். இல்லையேல் தானியம் கொத்தும் குருவிகள் அவற்றில் வந்து அமரும்.

குடில் மட்டும் எலியை ஒழித்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். எலி மூன்று வாரத்தில் ஈன்று, ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டிகள் போடக்கூடியது. எனவே வரப்பை ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்கு மிகாமல் சிறுத்து வைத்தல், கோடையில் வளைகளைத் தோண்டி எலி பிடித்தல், தஞ்சாவூர்க் கிட்டி வைத்தல், அண்டை வயல்காரர்களுடன் சேர்ந்து ஒரே சமயத்தில் நடவு செய்தல் ஆகியவற்றையும் கைக்கொள்ள வேண்டும்.

நஞ்சு வைக்குமுன் எண்ணிப் பாருங்கள்

இக்கட்டுரையில் நீங்கள் முக்கியமாகக் கருத்தில் கொள்ள வேண்டியது இப்பகுதியே. புரோமடையலோன் போன்ற நஞ்சுகள் இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்கின்றன. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள்கள் ஆகும். அதுவரை அது தளர்ந்து, பகலிலும் வெளியே தள்ளாடித் திரியும். அத்தகைய எலியே பருந்துக்கும் கூகைக்கும் எளிதில் அகப்படும். எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு பறவையின் ஈரலில் சேருகிறது. சிங்க் பாஸ்பைடு விரைவில் கொல்லும். ஆயினும் செத்த எலியின் இரைப்பையில் எஞ்சிய மருந்து, அதைத் தின்னும் நாய்க்கும் பூனைக்கும் பறவைக்கும் ஆபத்தானது. ஒரே வயலில் குடிலும் நட்டு, நஞ்சும் வைப்பது, வேலைக்கு ஆளை அழைத்து அவர் சோற்றிலேயே விஷம் கலப்பதற்கு ஒப்பாகும்.

இது வெறும் அச்சமன்று. மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டிக் கூடுகள் வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். அங்கு, பழைய மருந்தான வார்ஃபரினை விட்டு வீரியமிக்க புதிய நஞ்சுக்கு மாறிய தோட்டத்தில் கூகைகள் பெரிதும் குறைந்தது 1980-களிலேயே பதிவாயிற்று.

இங்கிலாந்தின் அனுபவமும் கருதத்தக்கது. நம் கரும்பருந்தின் இனத்தைச் சேர்ந்த 'ரெட் கைட்' என்னும் செந்நிறப் பருந்து ஒரு காலத்தில் லண்டன் தெருக்களிலேயே கழிவுகளைத் தின்று வாழ்ந்தது. பின்னர், ஆட்டுக்குட்டியையும் கோழியையும் கொல்லும் பறவை என்று பழி சுமத்திச் சுட்டும் நஞ்சு வைத்தும் அழித்தனர். பெரும்பாலும் செத்த பிராணிகளையும் மண்புழுவையும் தின்னும் இப்பறவைக்கு ஆட்டுக்குட்டியைக் கொல்லும் வலிமையே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இனப்பெருக்கம் செய்யும் பறவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேல்ஸ் மலைப்பகுதியில் சில இணைகளே தப்பின. 1989 முதல் ஸ்வீடன், ஸ்பெயின் நாடுகளிலிருந்து குஞ்சுகளைக் கொண்டு வந்து வளர்த்துப் பறக்கவிட்டு அவ்வினத்தை மீட்டனர். இன்று அங்கு ஆயிரக்கணக்கான இணைகள் உள்ளன. ஆயினும் செத்துக் கிடக்கும் பருந்துகளைச் சோதிக்கையில் எலி மருந்தின் எச்சம் இன்றும் அடிக்கடி காணப்படுகிறது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. மாட்டுக்கு வலி நீக்கப் போட்ட டைக்ளோபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் தொடங்கிய இவ்வழிவில் மூன்று இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் மறைந்தன. கால்நடைக்கு டைக்ளோபினாக் 2006-இலும், கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகியவை 2023-இலும் தடை செய்யப்பட்டன. மாட்டுக்கு ஊசி போடுகையில், கழுகுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் மருந்தைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

தவிர்க்க இயலாமல் எலி நஞ்சு வைக்க நேர்ந்தால்:

1. முதல்நாளே குடில்களைப் பிடுங்கிவிடவும்.

2. முந்திய மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடி, மறுநாள் காலை திறந்திருக்கும் வளைகளில் மட்டும் வைக்கவும். வரப்பின் மேல் இறைக்கக் கூடாது.

3. நாள்தோறும் காலையில் வயலைச் சுற்றிவந்து, செத்த எலியையும் தள்ளாடும் எலியையும் எடுத்து இரண்டடி ஆழத்தில் புதைக்கவும்.

4. மயிலுக்கோ பன்றிக்கோ நாய்க்கோ பூச்சிமருந்து கலந்த இரை வைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பருந்து, கூகை இவற்றைக் கொல்வதும் குற்றமாகும்.

வளை மூடி எண்ணும் முறையை வாரம் ஒருமுறை செய்து, திறந்த வளைகளின் எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். குடிலுக்கடியில் கிடைத்த உருண்டைகளையும், அவற்றில் இருந்த எலி மண்டையோடுகளையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். வளைகளின் எண்ணிக்கை குறைந்து வருமானால் நஞ்சுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. கூடி வருமானால் கிட்டிகளை அதிகப்படுத்துங்கள். பயிர் வெட்டுப்படுமுன் முடிவு செய்ய இக்குறிப்பேடு உங்களுக்குத் துணை புரியும்.