போர்டும் பிராசஸரும் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

அலங்காநல்லூரில் பஸ் ஏறி மதுரையில் இறங்கி, கடை வாசலில் நின்று "அண்ணே, ஐ5 போட்டு ஒரு சிபியு என்ன விலை வரும்?" என்று கேட்கிற தம்பி தங்கச்சிகளை நிறையப் பார்த்துவிட்டேன். பையில் இருப்பது அப்பா நெல் போட்ட பணம், இல்லாவிட்டால் அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன். அந்தப் பணம் ஐந்தாறு வருடமாவது உழைக்க வேண்டும். கீபோர்டு, மானிட்டர், கேபினட் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். போர்டும் பிராசஸரும் தப்பாக அமைந்துவிட்டால் அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு ரூபாயும் அந்தத் தப்பின் மேலேயே போய் உட்காரும்.

1. பஸ் ஏறும் முன் வேலையை முடிவு செய். டேலி, டைப்பிங், ஆன்லைன் வகுப்பு, கல்லூரியில் கொடுக்கிற புரோகிராம்கள், இவ்வளவுதான் என்றால் 4 கோர், 8 திரெட் உள்ள இன்டெல் ஐ3-12100 போன்றது தாராளமாகப் போதும். வீடியோ எடிட்டிங் செய்வாய் என்றால் 6 கோருக்குப் போ. ஐ5-12400, ரைசன் 5 5600ஜி அந்த ரகம். கேம்தான் முக்கியம் என்றால் பெரும்பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். விலை உயர்ந்த பிராசஸரும் மட்டமான கார்டும் சேர்த்து வாங்கி வருத்தப்படாதே.

2. "ஐ5" என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்காதே. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பெயர் தெரியாத கம்பெனி புதிதாகச் செய்த ஹெச்61 போர்டு, அதில் எங்கோ ஒரு அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஐ5-3470, பளபளக்கும் கண்ணாடிக் கேபினட், உள்ளே கலர் விளக்கு. "ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி" என்று தாளில் எழுதிக் கொடுத்தால் குறையே தெரியாது. அந்தப் பிராசஸர் 2012இல் வந்தது. 4 கோர், 4 திரெட். 2022இல் வந்த ஐ3-12100 அதைவிட மிகவும் வேகம். ஹெச்61 சிப்செட்டின் சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான் என்பதால் எஸ்எஸ்டி போட்டாலும் பாதி வேகமே கிடைக்கும். ரேமும் பழைய டிடிஆர்3. நாளைக்கு வேறு எந்தப் புது போர்டுக்கும் எடுத்துப் போக முடியாது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே கடையில் முழு எண்ணையும் கேட்டு வாங்கு. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணில் முதல் ஒன்றிரண்டு இலக்கம்தான் தலைமுறை: 3470 என்றால் மூன்று, 12400 என்றால் பன்னிரண்டு. முழு எண்ணைச் சொல்லத் தயங்குகிற கடையை விட்டு வெளியே வா.

பழைய பொருளே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழையது என்று தெரிந்து, பழைய விலை கொடுத்து வாங்கு.

3. எண்ணுக்குக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்தைப் பார். இன்டெல்லில் "எஃப்" என்று முடிந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் மானிட்டரில் படம் வராது. விலை கொஞ்சம் குறைகிறதே என்று 12400எஃப் வாங்கி, வீட்டுக்கு வந்து ஹெச்டிஎம்ஐ கேபிளைப் போர்டில் செருகிவிட்டு, போர்டு செத்துவிட்டது என்று அழுத பையன்கள் உண்டு. ஏஎம்டியில் கணக்கு வேறு. 5000 வரிசையில் எண்ணை அடுத்து "ஜி" வந்தால்தான் கிராபிக்ஸ் இருக்கும். 7000 வரிசையில் எஃப் இல்லாத எல்லாவற்றிலும் சிறிதளவாவது இருக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தை மாதம் வாடிவாசல் முன்னால் எடுத்த காளை வீடியோக்களை வெட்டி ஒட்டி யூடியூபில் போடத்தான் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கேட்கிறார்கள். இப்போதைய போன்களும் ஆக்‌ஷன் கேமராக்களும் பல நேரம் ஹெச்.265 முறையில் சுருக்கித்தான் வீடியோவைச் சேமிக்கின்றன. அதை விரித்துக் காட்டுவது பெரிய வேலை. எஃப் இல்லாத 12400இன் கிராபிக்ஸுக்குள் இதற்கென்றே குவிக் சிங்க் என்ற தனிப் பகுதி இருக்கிறது. எடிட்டிங் மென்பொருள் அதைப் பயன்படுத்தும்போது காளை பாய்கிற காட்சி தடுக்கித் தடுக்கி ஓடாது. கார்டு வாங்கப் பணம் இல்லாத எடிட்டருக்கு அந்த ஒரு எழுத்து இல்லாமலிருப்பதே லாபம்.

4. சாக்கெட் பொருந்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த சாக்கெட்டுக்கு இனிமேல் ஏதாவது வருமா என்பதையும் கேள். இன்டெல்லின் எல்ஜிஏ1700இல் 12, 13, 14ஆம் தலைமுறைகள் உட்காரும். அதோடு அதன் வழி முடிந்தது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ராவுக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்4 இதற்கு நேர்மாறான கதை: 2017இல் பி350 போர்டு வாங்கிய பலர், போர்டிலேயே இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருளை மட்டும் புதுப்பித்து, 2020இல் வந்த ரைசன் 5000 பிராசஸரை அதே போர்டில் போட்டு ஓட்டினார்கள். ஏஎம்5 2022இல் வந்தது. 7000, 8000ஜி, 9000 என்று அதில் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. மூன்று வருடம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றலாம் என்ற எண்ணம் இருந்தால் ஏஎம்5க்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. அப்படி மாற்றவே போவதில்லை என்றால் எல்ஜிஏ1700 குறைந்த விலையில் நிறைவாக உழைக்கும்.

5. போர்டில் விளக்கைப் பார்க்காதே, விஆர்எம்மைப் பார். பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கிற சாம்பல் நிறக் கட்டிகளும் அவற்றை ஒட்டிய சிப்புகளும்தான் அது. எஸ்எம்பிஎஸ் அனுப்புகிற 12 வோல்ட்டை ஏறக்குறைய 1 வோல்ட்டுக்கு இறக்கி பிராசஸருக்கு ஊட்டுவது அதன் வேலை. 1 வோல்ட்டில் 100 வாட் வேண்டுமென்றால் 100 ஆம்பியர் அந்த வழியே ஓட வேண்டும். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதே. ஐ5-12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். அதே 65 வாட் என்று எழுதிய ஐ7-14700 219 வாட் வரை போகும். மலிவான ஹெச்610 போர்டில் ஐ3, ஐ5 ஓடும். ஐ7ஐ அதில் மாட்டினால் விஆர்எம் சூடேறி பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த பணம் வீண். அதற்கு விஆர்எம் மேல் அலுமினிய ஹீட்சிங்க் வைத்த பி760 வேண்டும்.

சித்திரை, வைகாசியில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் ஃபேன் இழுப்பது அந்த அனல்காற்றைத்தான். எந்த ஃபேனும் அறையைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்காது. குளிரூட்டிய அறையில் பார்த்துச் சொல்கிற வெப்பக் கணக்கை நம் வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. போர்டுக்கு ஒரு படி மேலே செலவு செய்யச் சொல்வது இதற்காகத்தான். அந்தப் பணத்தைக் கண்ணாடிக் கேபினட்டில் குறைத்து, முன்பக்கம் வலையடித்த கேபினட்டாக வாங்கு.

6. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. எல்ஜிஏ1700க்கு இரண்டு வகைப் போர்டும் உண்டு. வாங்கும் போர்டு எந்த வகை என்று கேட்டுப் பார். ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறியது. அதனால் ரேமையும் சேர்த்து விலை கேட்டபிறகே போர்டை முடிவு செய். கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராபிக்ஸும் ரேமைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு போட்டால் வேகம் நன்றாகத் தெரியும்.

7. பயாஸ். பி660 போர்டில் 14ஆம் தலைமுறை பிராசஸர் போடுவதானால் பயாஸ் புதிதாக இருக்க வேண்டும். பிராசஸர் இல்லாமலே பென்டிரைவில் புதுப்பிக்கும் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் நல்லது, இல்லையென்றால் கடையிலேயே செய்து வாங்கிவிடு. 13, 14ஆம் தலைமுறையில் சில பிராசஸர்கள் வோல்டேஜ் கூடிப் போய்ச் சேதமாயின. 2024 ஆகஸ்டில் இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் தலைமுறைகளில் பழையது வாங்குவதாக இருந்தால் ஐ7, ஐ9 பக்கமே போகாதே.

8. சாக்கெட் மூடியைக் கடைக்காரரை உன் முன்னாலேயே திறக்கச் சொல், உள்ளே பார். எல்ஜிஏ1700இலும் ஏஎம்5இலும் பின்கள் போர்டில் இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் வாரன்டி கிடைக்காது. வளைத்தது யார் என்று பிறகு நிரூபிக்கவும் முடியாது. ஏஎம்4இல் பின்கள் பிராசஸரில் இருக்கும். கூலரைக் கழற்றும்போது நேராகப் பிடுங்காதே, பேஸ்ட் ஒட்டிப் பிராசஸரும் கூடவே வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மெதுவாகத் திருகி எடு.

9. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரை வை. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று அடித்தால், அதை வழக்கம்தான் என்று விட்டுவிடாதே. உனக்கும் ஆபத்து, போர்டுக்கும் ஆபத்து. கேபினட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நல்லதாகத் தனியாக வாங்கு.

10. பெட்டியில் வரும் பிராசஸருக்கு வழக்கமாக மூன்று வருடம் வாரன்டி. பெட்டி இல்லாமல் வரும் டிரே பிராசஸருக்குக் கடைக்காரர் தருவதுதான் வாரன்டி, அதை எழுதி வாங்கு. ஜிஎஸ்டி பில்லில் போர்டின் சீரியல் எண்ணும் பிராசஸரின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் ஐந்நூறு ரூபாய் குறைவு என்பார்கள். பழுதானால் அங்கே கொண்டு போகப் போவது யார் என்று யோசித்துக்கொள். வாங்கும் போர்டு கம்பெனிக்கு மதுரையில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று முதலிலேயே கேள். இல்லையென்றால் கூரியரில்தான் அனுப்ப வேண்டிவரும். அதற்காக போர்டின் அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த ஆன்டி-ஸ்டேட்டிக் கவர், சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடி மூன்றையும் வாரன்டி முடியும்வரை பரண் மேல் போட்டு வை.