முகவரி தொலைத்த பிரின்டர்

கரண்ட் போய் வந்த பிறகு பிரின்டர் அடிக்காவிட்டால், இயந்திரம் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். கம்பியூட்டர் திரையில் ‘ஒஃப்லைன்’ என்ற சொல்லைக் கண்டதும் அந்த முடிவு இன்னும் உறுதியாகிறது. சீனன்குடாவிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ அதைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை நகரத்துக் கடைக்கு வருவதும், அது திரும்பி வரும்வரை பிள்ளையின் கடந்தகால வினாத்தாள்களுக்காகக் கொமினிகேஷனில் காத்து நிற்பதும் அதன் தொடர்ச்சி. கடையில் கேபிள் மாட்டிப் பார்த்தால் பிரின்டர் ஒழுங்காக அடிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடி ஒஃப்லைன். விடை இந்த முரண்பாட்டிலேயே இருக்கிறது. அச்சடிக்கும் பகுதி பழுதென்றால் கடையிலும் அடித்திருக்காது. வீட்டில் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் பிரின்டர் நின்றுபோவதற்குப் பொதுவான காரணம் ஒன்று, அது தன் முகவரியைத் தொலைத்துவிடுவது.

வீட்டு ரௌட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு போனுக்கும் லப்டொப்புக்கும் பிரின்டருக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் அந்த இலக்கமே வீட்டுக்குள் அந்தக் கருவியின் முகவரி. ரௌட்டர் அதைச் சொந்தமாக எழுதிக் கொடுப்பதில்லை, தவணைக்கு வாடகைக்குத்தான் விடுகிறது. கரண்ட் போனதும் சாதாரண ரௌட்டர்கள் பலவும் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலையே மறந்துவிடுகின்றன. கரண்ட் வந்ததும் போன்கள் முந்திக்கொண்டு இலக்கம் கேட்கின்றன. பிரின்டரோ யாராவது பட்டனை அழுத்தும்வரை உறங்கிக் கிடக்கிறது. அது எழும்பி வரும்போது, நேற்று அதனுடையதாக இருந்த இலக்கத்தில் ஒரு போன் குடியேறியிருக்கலாம். அப்போது பிரின்டருக்கு வேறோர் இலக்கம் கிடைக்கும். கம்பியூட்டர் மட்டும் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். அங்கே மறுமொழி சொல்லப் பிரின்டர் இல்லாததால் ‘ஒஃப்லைன்’ என்று எழுதிவிடும். எல்லா முறையும் இப்படி நடப்பதில்லை. பழைய இலக்கம் காலியாக இருந்தால் பிரின்டர் அதையே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒருநாள் அடிப்பதும் ஒருநாள் அடிக்காததும் இதனால்தான். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துத்தான் நாம் இயந்திரத்தையே சந்தேகிக்கிறோம். ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் பிரின்டரின் மெக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, கொடுத்து, ‘இந்த இலக்கம் இதற்கு மட்டும்’ என்று ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். சில நிமிட வேலை. ஒரு சதமும் செலவில்லை.

‘மின்வெட்டு எப்போதோ வருவது, அதற்கு இவ்வளவு பாடா?’ என்று கேட்கலாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 அன்று தீவு முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் நின்றது. இவ்வளவு பெரிய தடைதான் வரவேண்டும் என்றும் இல்லை, ரௌட்டர் மறந்துபோக ஒரு நிமிடத் தடையே போதும். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மின்னல் அடித்துப் பிரின்டர்கள் உண்மையிலேயே செத்துப்போவதில்லையா? போகின்றன. ஏப்ரல் மாத இடிமழையும் ஒக்டோபர், நவம்பர் இடிமழையும் கருவிகளைக் காவு கொள்வது மெய். ஆகவே ஊகிக்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும். ஸ்கேனரும் சேர்ந்த பிரின்டர் என்றால் கண்ணாடி மேல் ஒரு தாளை வைத்துக் கொப்பி பட்டனை அழுத்துங்கள். கொப்பி வந்தால் மையும் ரோலரும் நலம், அச்சடிக்கும் பகுதியில் குறையில்லை. அடுத்து, பிரின்டரிலிருந்தே அதன் நெட்வொர்க் நிலைப் பக்கத்தை அச்சிடுங்கள். அதில் உள்ள இலக்கம் 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் பிரின்டர் தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். 192.168 என்றே தொடங்கி, கம்பியூட்டரில் பதிந்திருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் முகவரி மாறிவிட்டது. இந்த இரண்டு தாள்களையும் பார்த்த பிறகுதான் கடைக்குப் போவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

இன்டர்நெட் இல்லாமல் வைஃபை பிரின்டர் அடிக்காது, அடித்தால் டேட்டா கரையும் என்பது இன்னொரு நம்பிக்கை. மாதக் கடைசியில் பெக்கேஜ் முடிந்த வீடுகளில் பிரின்டரையும் மூடி வைத்துவிடுகிறார்கள்; பரீட்சைக் காலத்தில் இது வீணான இழப்பு. 192.168 வரிசை 1994 முதல் வீடு, அலுவலகம் போன்ற உள் வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பொது இன்டர்நெட்டில் அது செல்லுபடியாகாது. லப்டொப்பிலிருந்து கிளம்பும் பக்கம் ரௌட்டருக்குப் போய் அங்கிருந்து பிரின்டருக்குத் திரும்புகிறது, வாசலைத் தாண்டுவதே இல்லை. ரௌட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். இந்த நம்பிக்கை அடியோடு ஆதாரமற்றதும் அல்ல. கூகுள் கிளவுட் பிரின்ட் 2020 டிசம்பர் 31 அன்று மூடப்படும்வரை, அதன் வழியாக அச்சிட்டவர்களின் பக்கங்கள் கூகுளின் சேர்வர்களுக்குப் போய்த்தான் வந்தன. எச்பி+ திட்டத்தில் பதிந்த பிரின்டர்களுக்கு இன்டர்நெட் தொடர்பு இன்றும் நிபந்தனை. வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மற்றபடி, 2010இல் அப்பிள் கொண்டுவந்த எயார்பிரின்ட்டும் 2013இல் கெனன், எச்பி, சம்சுங், சிரொக்ஸ் சேர்ந்து தொடங்கிய மோப்ரியாவும் போனிலிருந்து நேரே, வீட்டு வைஃபையிலேயே அச்சிடும் வழிகள்தான்.

ஒரு கம்பியூட்டர் ‘தலைமை’யாக எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் பாதி உண்மை. எப்சன் எல்3210 போன்ற பிரின்டரில் யுஎஸ்பி மட்டும்தான். எல்3250இல் வைஃபை உண்டு. முதல் வகையைப் பகிர வேண்டுமானால் அது செருகியிருக்கும் கம்பியூட்டர் விழித்திருக்கத்தான் வேண்டும், ஸ்லீப்பில் போனால் பகிர்வும் போய்விடும். இரண்டாம் வகைக்கு எந்தக் கம்பியூட்டரும் காவல் இருக்கத் தேவையில்லை. யுஎஸ்பி பகிர்வில் பழைய அறிவுரைகள் இப்போது குழப்பத்தையே தருகின்றன. வீட்டுக் கம்பியூட்டர்களுக்கிடையே பகிர உதவிய ஹோம்குரூப்பைத் தேடச் சொல்கிறார்கள். 2009இல் வின்டோஸ் 7உடன் வந்த அந்த வசதியை மைக்ரோசொஃப்ட் 2018இலேயே வின்டோஸ் 10இலிருந்து எடுத்துவிட்டது. 2021இல் வின்டோஸின் அச்சுச் சேவையில் கண்டுபிடிக்கப்பட்ட பெரிய ஓட்டைகளை அடைக்க வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, பகிர்ந்த பிரின்டர்களில் 0x0000011b என்ற பிழை தலைகாட்டியது. வின்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை மாற்றி அந்தப் பாதுகாப்பையே அணைப்பதுதான் பலர் சொல்லும் வைத்தியம். அதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு கம்பியூட்டர்களையும் முழுமையாக அப்டேட் செய்து, நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ என்று வைத்து, பிரின்டரை மறுபடி சேர்த்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

‘வீட்டுப் பிரின்டரை யார் தாக்கப்போகிறார்?’ என்பதும் பலர் சொல்வது. 2018 நவம்பரில் ஒருவர் ஒரு யூடியூப் அலைவரிசைக்கு ஆள் சேர்க்கும் அறிவித்தலை உலகெங்கும் சுமார் 50,000 பிரின்டர்களில் அடித்துத் தள்ளியதாக அறிவித்தார். அச்சு வேலைகளை வாங்கிக்கொள்ளும் அவற்றின் வாசலான 9100ஆம் போர்ட் இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்ததே காரணம். ரௌட்டரில் போர்ட் திறந்துவிடாத வீட்டுக்கு அந்த வழியில் ஆபத்து வராது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடும் வீடுகளில் நிலைமை வேறு. அங்கே விருந்தினருக்கும் வீட்டு வைஃபை பாஸ்வேர்டையே கொடுத்தால் பிரின்டரும் அவர்கள் கைக்குப் போகிறது. ரௌட்டரில் ‘கெஸ்ட்’ வலையமைப்பு இருந்தால் அதைத் தனியாகத் திறந்து கொடுங்கள். அதில் இணைந்தவருக்குப் பிரின்டர் கண்ணில் படாது, அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். விமான டிக்கெட்டை அச்சிடக் கேட்கும் விருந்தினர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், வீட்டுக்காரர் தன் போனிலிருந்து அடித்துக் கொடுக்கலாம்.