பெயர் யாருடைய ஏட்டில் இருக்கிறது?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாங்கள் மூவர் சேர்ந்து நடத்தும் பட்டறையின் பில்களும் வரைபடங்களும் இணையத்தில் ஒரு பொது ஃபோல்டரில் இருக்கின்றன. டிராப்பாக்ஸில் அதன் பெயரை மாற்றினால் எனக்கு மட்டும் மாறுகிறது. கூகுள் டிரைவிலோ எல்லோருக்கும் மாறிவிடுகிறது. இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது?
— ஒரு வாசகர், அயனம்பாக்கம்

பதில்: ஃபோல்டருக்கு வைத்த பெயர் அந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் என்றுதான் நாம் சுபாவமாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் அமைப்பில், ஒவ்வொரு கோப்புக்கும் உரியதாக ஓர் எண் மாத்திரமே உண்டு. பெயரோ, அதனைத் தாங்கி நிற்கும் மேல் ஃபோல்டரின் ஏட்டில் அவ்வெண்ணுக்கு எதிரே குறித்து வைக்கப்படும் ஒரு பதிவுதான். அயனம்பாக்கத்து மனைப்பிரிவு ஒன்றுக்கு விற்பவர் எந்த நாமத்தைச் சூட்டினாலும், கிராமக் கணக்கு அந்நிலத்தைச் சர்வே எண்ணாலேயே அறிவதை ஒத்தது இந்த ஏற்பாடு. ஒரே கோப்பு இரண்டு ஏடுகளில் இரண்டு பெயர்களோடு விளங்கலாம் என்பதை அவ்விருவரும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே விளக்கியிருக்கிறார்கள்.

இயந்திரம் ஒன்றாக இருந்தவரையில் ஏடும் ஒன்றுதான். பல இயந்திரங்கள் ஒரே சேமிப்பைப் பகிரத் தொடங்கிய பின்னர்தான், பெயர் யாருடைய ஏட்டில் இருக்க வேண்டும் என்னும் பிரச்னை எழுந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். முறையில், தொலைவிலிருக்கும் ஃபோல்டரை ஒவ்வோர் இயந்திரமும் தான் விரும்பிய இடத்தில், தான் விரும்பிய பெயரில் பொருத்திக்கொள்ளும் சுதந்திரம் பெற்றிருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில், 5,000-க்கு மேற்பட்ட இயந்திரங்களுக்குச் சேவை செய்யும் நோக்கத்தோடு தோன்றிய ஆண்ட்ரூ கோப்பு முறையோ, எந்த இயந்திரத்தின் முன் அமர்ந்தாலும் பொதுக் கோப்புகள் ஒரே பெயரில் காட்சி தர வேண்டும் என்று வகுத்தது. இதன் பிரதான சிற்பிகளுள் ஒருவரான மகாதேவ் சத்யநாராயணன் நமது சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர் என்பதையும், அம்முறையைப் படைத்த குழுவினருக்கு 2016-ஆம் ஆண்டுக்குரிய ஏ.சி.எம். என்னும் கணினியியல் சங்கத்தின் மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது என்பதையும் இங்கே பெருமிதத்தோடு குறிப்பிட விரும்புகிறேன்.

தாங்கள் கண்ட வேற்றுமை இவ்விரு கொள்கைகளின் வேற்றுமையே. டிராப்பாக்ஸ், என்.எஃப்.எஸ். முறையைப் போல, பொது ஃபோல்டரை ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியே பொருத்துகிறது. ஆகையால் மேற்பெயர் அவரவர் ஏட்டில் இருக்கிறது. ஆயினும் உள்ளேயிருக்கும் சிறு ஃபோல்டர்களின் பெயர்கள் பொதுவானவை. அவற்றை ஒருவர் மாற்றினால் அனைவருக்கும் மாறும். கூகுள் டிரைவிலோ, ஆண்ட்ரூ முறையைப் போல, மேற்பெயரும் பொதுவே.

என் அபிப்பிராயத்தில், தங்களுடையதைப் போன்ற பட்டறைக்கு ஆண்ட்ரூவின் வழியே உகந்தது. லேத்தின் அருகே நிற்பவர் போனில் ஒரு வரைபடத்தைக் கேட்கும்போது, அவர் சொல்லும் பெயரும் அலுவலகத்தில் இருப்பவரின் திரையில் தெரியும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் காரியம் தடைப்படும். தமக்கென்று தனிப்பெயர் வேண்டுபவர், கூகுள் டிரைவில் அந்த ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட் உண்டாக்கி அதற்கு விரும்பிய பெயரைச் சூட்டிக்கொள்ளலாம், மூலப்பெயர் மாறாது. ஆடிட்டருக்கு முன்பே அனுப்பிய லிங்க்கைப் பற்றியும் கவலை வேண்டாம். அது பெயரை அல்லாமல் அடையாளக் குறியீட்டையே பற்றி நிற்பதால், பெயர் மாறிய பின்னும் அதே ஃபோல்டரைத்தான் திறக்கும்.